இரண்டு இருபதிலிருந்து இரண்டு ஐம்பது வரை

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 3.40.

அறுவை சிகிச்சையை முடித்துக் கையுறையைக் கழற்றிப் போட்ட டாக்டரம்மா, கண் விழிக்கப்போகும் நாய்க்கு வலி ஊசி எடுக்க மருந்து அலமாரியைத் திறந்தாள். மேல் தட்டு துடைத்து விட்டதுபோல் இருந்தது. அங்கே பன்னிரண்டு பெட்டி மயக்க மருந்து இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. பூட்டில் ஒரு கீறல் கிடையாது. எடுத்தவர் சாவி போட்டுத் திறந்து, சாவி போட்டே பூட்டிவிட்டுப் போயிருந்தார்.

திருட்டு தெரிந்தது 3.40-க்கு. திருடன் இன்னார் என்று முடிவானது நான்கு மணிக்கு. இருபதே நிமிடம். வீட்டில் திருடு போனது என்று நீங்களோ நானோ போய்ச் சொன்னால் நாற்காலி காட்டவே அரை நாள் எடுத்துக்கொள்ளும் காவல் நிலையம், அன்று இறக்கை கட்டிப் பறந்தது. காரணம் ஒன்றுதான். அந்த விலங்கு மருத்துவமனையில் கணுக்காலில் பட்டை மாட்டிய ஒருவன் வேலை பார்த்தான்.

அவனை எல்லோரும் நெட்டையன் என்பார்கள். போதை மாத்திரை விற்ற வழக்கில் பத்து வருடத் தண்டனை. ஆறு வருடம் உள்ளே இருந்துவிட்டு, மீதி நான்கு வருடத்தை மேற்பார்வையில் வெளியே கழிக்கலாம் என்று நான்கு மாதத்துக்கு முன் விட்டார்கள். வெளியே என்றால் சும்மா இல்லை. வேலை இருக்க வேண்டும். பதிவு செய்த வீட்டில் இரவு ஏழு மணிக்குள் அடைய வேண்டும். திங்கள்தோறும் அலுவலகம் வந்து கையெழுத்துப் போட வேண்டும். எங்கே இருக்கிறான் என்று நிமிடத்துக்கு நிமிடம் சொல்லிக்கொடுக்கும் கருவி காலில் இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று தவறினால் மீதி நான்கு வருடமும் உள்ளே. தவறியதாக நிரூபிக்கக்கூட வேண்டாம், நியாயமான சந்தேகம் போதும். யாருக்கு நியாயமாகப் படவேண்டும் என்று மட்டும் சட்டத்தில் எழுதவில்லை.

4.25-க்கு மேற்பார்வை அலுவலகத்தில் தொலைபேசி அடித்தது. எடுத்தவள் கையெழுத்தம்மா. திங்கள்கிழமை வரிசையில் நிற்பவர்கள் வைத்த பெயர் அது. நாற்பத்தெட்டு வயது. வருகிறவர்கள் எல்லோரையும் "வாங்க, உக்காருங்க" என்பாள். சக அதிகாரிகளுக்கு அது பெரிய வேடிக்கை.

"உங்க ஆளைப் பிடிச்சிருக்கோம் மேடம்" என்றார் இன்ஸ்பெக்டர். "வியாழக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை. அறிக்கையை ரெடி பண்ணிடுங்க."

அவள் கோப்பைத் திறந்தாள். கருவி நிறுவனம் அனுப்பிய ஒரு பக்க அறிக்கை அதற்குள் வந்துவிட்டது. வேலை முடிந்தது 2.00. ஆள் அதே கட்டடத்தில் இருந்தது 4.00 வரை. பழைய வழக்கு போதை மருந்து. இப்போது காணாமல் போனதும் போதை தரும் மருந்து. 'பாவி, நாலே மாசத்துல கெடுத்துக்கிட்டானே' என்று நினைத்துக் கோப்பை மூடினாள். அவனை அங்கே வேலைக்கு அனுப்பியவளே அவள்தான்.

5.30-க்குக் காவல் நிலையத்தில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

"நீங்க எடுத்தீங்களா?"

"இல்ல மேடம்."

"ரெண்டு மணிக்கு வேலை முடிஞ்சிடுச்சு. நாலு வரைக்கும் அங்க என்ன பண்ணீங்க?"

"தினமும் பண்றதுதான். ஸ்டாஃப் ரூம்ல காலுக்குச் சார்ஜ் போட்டுட்டு உக்காந்திருந்தேன். ரெண்டு மணி நேரம் போடணுமே."

"அதை வீட்ல போடக்கூடாதா?"

"அக்கா வீட்ல ரெண்டே பிளக்கு. ஒண்ணு சமையல்கட்டுல, இன்னொண்ணு பசங்க படிக்கிற இடத்துல. மாமா கால்ல ஒயரை மாட்டிட்டு உக்காந்திருக்கறதப் பசங்க தினமும் பாக்கணுமா?"

"நடுவுல எழுந்து போனீங்களா?"

"எங்க மேடம் போறது? அந்த ஒயரு ஒரு முழம்."

"நடுவுல கரண்ட் போச்சுன்னு இன்ஸ்பெக்டர் சொல்றார். போச்சா?"

அவன் யோசித்தான். "தெரியல. விடியக்காலைல நாலு மணிக்கே எழுந்திருக்கறேன் இல்லையா, உக்காந்ததும் கண்ணு சொருகிடுச்சு. அந்த ரூம்ல ஃபேனும் கிடையாது, பகல்ல லைட்டும் போட மாட்டோம். போச்சா வந்துச்சான்னு எப்படிச் சொல்றது?"

பொய் சொல்கிறவன் தனக்குச் சாதகமாக ஏதாவது சொல்லியிருப்பான். இவனுக்கு அதுகூடத் தெரியவில்லை. ஒரு மணி நேரம் அவனைத் திருடன் என்று தானும் நம்பியதை நினைத்து அவளுக்குக் கூசியது.

"அக்கா வந்தாங்களா மேடம்?" என்று கேட்டான்.

வரவில்லை. போலீஸ்தான் அக்கா வீட்டுக்குப் போயிருந்தது.

புதன்கிழமை, காலை 9.30.

விலங்கு மருத்துவமனையின் மேலாளர் அறையில் இரண்டு பொருள்கள் கண்ணில் பட்டன. ஒன்று, சுவரில் சட்டம் போட்டு மாட்டிய பாராட்டுப் பத்திரம். சிறையிலிருந்து வந்தவர்களுக்கு வாழ்வளித்த நிறுவனமாம். இன்னொன்று, மேசைக்குப் பின்னால் கேமரா பதிவுப்பெட்டி.

"நல்லது பண்ணப் போய் இப்படி ஆயிடுச்சு மேடம்" என்றார் மேலாளர். முகத்தில் ஒரு துக்க வீட்டுக் களை.

"அலமாரிச் சாவி எத்தனை?"

"ரெண்டு. ஒண்ணு டாக்டரம்மா கழுத்துல. ஒண்ணு என் மேசை டிராயர்ல."

"டிராயர் பூட்டியிருந்ததா?"

"இல்ல. வெளியாள் யாரும் இல்லையே. ஒண்ணரைல இருந்து நாலு வரைக்கும் முன் கதவைச் சாத்திடுவோம். உள்ள டாக்டரம்மா, நர்ஸ், நான், அவன். அவ்வளவுதான்."

"கேமரா?"

"அதான் மேடம் அவன் அதிர்ஷ்டம். ரெண்டு இருபதுக்குக் கட்டடத்துல கரண்ட் போச்சு. பின்பக்கம் ஃபியூஸ் பெட்டில கோளாறு. நானே போய் உக்காந்து சரி பண்ணினேன், ரெண்டு அம்பதுக்கு வந்துச்சு. அந்த அரை மணி நேரம் கேமரா ஓடல. நான் ரூம்ல இல்ல. வந்து சாவிய எடுத்துட்டான்."

"அக்கம்பக்கத்துலயும் போச்சா?"

"இல்ல, நம்ம கட்டடம் மட்டும்."

டாக்டரம்மா கூண்டுகளின் நடுவே ஒரு பூனைக்கு மருந்து புகட்டிக்கொண்டிருந்தாள். ஐந்தடிக்கும் குறைவான உருவம். மேசையில் ஏறி நிற்க அவளுக்கென்றே ஒரு மரப்பலகை கிடந்தது.

"கரண்ட் போனது எனக்குத் தெரியாது. ஆபரேஷன் ரூமுக்குத் தனி பேட்டரி. நானும் நர்ஸும் ஒண்ணே முக்கால்லேருந்து வெளியவே வரல."

"பன்னிரண்டு பெட்டியையும் கடைசியா எப்ப பாத்தீங்க?"

"உள்ள போறதுக்கு முன்னாடி. மேல் தட்டுல வரிசையா அடுக்கியிருந்தது."

"கையில எடுத்துப் பாத்தீங்களா?"

"எனக்கு எங்க எட்டுது? மேனேஜர்தான் ஒவ்வொரு பெட்டியா கீழ எடுத்து வெப்பார். நான் கீழ் தட்டுல இருக்கறத எடுத்துப்பேன்." அவள் பூனையை இறக்கிவிட்டாள். "மருந்து ஆய்வாளர் வேற வெள்ளிக்கிழமை வர்றார். ஒவ்வொரு பெட்டியா பிரிச்சுப் பாப்பாங்க. என்ன சொல்றதுன்னே தெரியல. ஆனா அந்தப் பையன் எடுத்திருப்பான்னு மனசு ஒப்பல மேடம். கடிக்கிற நாயெல்லாம் அவன்கிட்டதான் அடங்கும்."

நாய் சாட்சி சொல்லாது. கையெழுத்தம்மா அலுவலகம் திரும்பினாள்.

11.30. கருவி நிறுவனத்துக்குப் போன் செய்தாள்.

"அறிக்கை அனுப்பிட்டோமே மேடம்" என்றது மறுமுனை.

"அது ஒரு பக்கம். எனக்கு நிமிஷக் கணக்குல முழுப் பதிவும் வேணும்."

"முழுசாவா? அதை யாரும் கேட்டதில்லையே."

"இத்தனை வருஷத்துல?"

"நான் வந்து மூணு வருஷம். யாரும் கேட்டதில்ல. எல்லாரும் முதல் பக்கத்துல சிவப்பு இருக்கா பச்சை இருக்கான்னுதான் பாப்பாங்க."

அவளுக்கு முகம் சிவந்தது. சிவப்பைப் பார்த்து ஆளை உள்ளே அனுப்பியவர்களில் அவளும் ஒருத்தி.

அதற்கு ஒரு படிவமாம். படிவத்துக்கு ஒரு ஒப்புதலாம். சண்டை போட்டு வாங்கினாள். 1.15-க்கு நாற்பத்தேழு பக்கம் வந்தது. விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். முப்பத்தோராம் பக்கத்தில் விரல் நின்றது. பிறகு பழைய கோப்பிலிருந்து, மேலாளர் நான்கு மாதத்துக்கு முன் ஆள் கேட்டு அனுப்பிய விண்ணப்பத்தை எடுத்துப் படித்தாள். கடைசியாக, மாற்றுக்கு வைத்திருந்த பட்டை ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துத் தன் கணுக்காலில் மாட்டிப் பூட்டினாள்.

2.00-க்கு மருத்துவமனை ஸ்டாஃப் ரூமில், நெட்டையனின் நாற்காலியில், நெட்டையனின் பிளக்கில் ஒயரைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தாள். மேலாளர் காவல் நிலையம் போயிருந்தார். அவள் கேட்டுக்கொண்டபடி டாக்டரம்மா 2.20-க்கு மெயின் சுவிட்சை அணைத்து, 2.50-க்குப் போட்டாள்.

"எதுக்குன்னு சொல்லக்கூடாதா?"

"நாளைக்கு வந்து கேளுங்க."

பட்டையின் சாவியை அலுவலகத்திலேயே மறந்துவிட்டு வீடு போய்ச் சேர்ந்தாள். கணவர் அவள் காலைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"என்ன பண்ணித் தொலைச்ச?"

"இதை மாட்டினவங்க எல்லாம் எதையாவது பண்ணினவங்கதானா?"

"இல்ல... பாத்ததும் அப்படித்தான் தோணுது" என்று அவர் உண்மையைச் சொன்னார். அவருக்கே அப்படித் தோன்றினால் ஊருக்கு என்ன தோன்றும்?

வியாழக்கிழமை, காலை 11.00.

விசாரணை அறையில் ஒரு நீள மேசை. தலைப்பக்கத்தில் விசாரணை அதிகாரி. ஒரு பக்கம் இன்ஸ்பெக்டரும் மேலாளரும். மறுபக்கம் கையெழுத்தம்மா. பின்னால் டாக்டரம்மா. கைவிலங்கோடு நெட்டையன் நின்றான், அவனுக்கு நாற்காலி போடவில்லை. விசாரணை அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். இப்படி ஒரு வழக்குக்கு அவர் ஒதுக்குவது பத்து நிமிடம்.

இன்ஸ்பெக்டர் மூன்று நிமிடத்தில் முடித்தார். மேலாளர் கனத்த குரலில் நான்கு நிமிடம் பேசினார்.

"நான் கேக்கலாமா?" என்றாள் கையெழுத்தம்மா. "ரெண்டு இருபதுல இருந்து ரெண்டு அம்பது வரைக்கும் கரண்ட் இல்ல. சரியா?"

"சரி" என்றார் மேலாளர்.

"ஆபரேஷன் ரூம் தவிர."

"ஆமா."

"ஸ்டாஃப் ரூம்ல?"

"அங்கயும் இல்ல. எங்கயுமே இல்ல."

"எழுதிக்குங்க சார்" என்று விசாரணை அதிகாரியிடம் சொல்லிவிட்டு, ஒரு தாளை மேசையில் நகர்த்தினாள். "இது முப்பத்தோராம் பக்கம். இந்தக் கருவி ஆள் எங்க இருக்கான்னு மட்டும் எழுதறதில்ல. பேட்டரில எவ்வளவு இருக்குன்னும் நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதுது. வலது ஓரத்துல பாருங்க. ரெண்டு நாலுக்குப் பதினெட்டு சதவீதம். ரெண்டு இருபதுக்கு இருபத்தொம்பது. ரெண்டு முப்பத்தஞ்சுக்கு நாப்பது. ரெண்டு அம்பதுக்கு அம்பது. மூணு அம்பத்தெட்டுக்குத் தொண்ணூத்தெட்டு. ஒரு இடத்துலயும் நிக்காம ஏறியிருக்கு."

விசாரணை அதிகாரி தாளைத் தன் பக்கம் இழுத்தார்.

"இது நான் நேத்து அதே நாற்காலியில உக்காந்து எடுத்தது." இரண்டாவது தாள். "டாக்டரம்மா மெயினை அணைச்ச நிமிஷமே ஏறறது நின்னு போச்சு. போட்டதும்தான் மறுபடி ஏறுது. அந்தப் பிளக்குக்குப் பேட்டரி கிடையாது, ஜெனரேட்டர் கிடையாது. ஒயரைப் பிடுங்கினாலும் இப்படித்தான் நிக்கும், அதையும் பண்ணிப் பாத்தேன். அப்ப ரெண்டு விஷயம் தெரியுது. ஒண்ணு, ரெண்டு மணி நேரமும் இவர் சுவத்துல கட்டிப் போட்ட மாதிரி அங்கயே இருந்தார். ரெண்டு, செவ்வாய்க்கிழமை அந்தக் கட்டடத்துல கரண்ட் போகவே இல்ல."

"அப்ப கேமரா?" என்றார் விசாரணை அதிகாரி.

"பதிவுப்பெட்டி இவர் ரூம்ல, இவர் மேசைக்குப் பின்னால இருக்கு. ஒயரைப் பிடுங்கினா நிக்கும்."

மேலாளர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "மெஷின்தானே மேடம். தப்பாக்கூடக் காட்டும்."

கையெழுத்தம்மாவுக்கு அதுவரை அடக்கி வைத்திருந்தது பொங்கிக்கொண்டு வந்தது.

"போன வருஷம் இந்த மெஷின் சொன்னதை வெச்சு, இதே ரூம்ல இருந்து, அறுபத்தொரு பேரை உள்ள அனுப்பினோம். அப்பல்லாம் தப்பாக் காட்டாத மெஷின் இன்னைக்குத் தப்பாக் காட்டுதா? ஒருத்தனை உள்ள தள்ளணும்னா அது தெய்வ வாக்கு, அவனே நிரபராதின்னு சொன்னா கோளாறா?"

விசாரணை அதிகாரி பேனாவை மூடி வைத்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"எதுக்காக எடுக்கணும்? இவருக்கு என்ன அவசியம்?" என்றார் இன்ஸ்பெக்டர். கேள்வியில் பழைய விறைப்பு இல்லை.

"செவ்வாய்க்கிழமை மருந்தே திருடு போகல சார். அது எப்பவோ போயாச்சு. மேல் தட்டு டாக்டரம்மாவுக்கு எட்டாது, ஒவ்வொரு பெட்டியா இவர்தான் இறக்கித் தருவார். மேல நின்னதெல்லாம் வெறும் பெட்டி. நாளைக்கு ஆய்வாளர் வந்து பிரிச்சா குட்டு உடைஞ்சிடும். அதுக்கு முன்னாடி பெட்டிகள் காணாமப் போகணும், திருடன்னு ஒருத்தன் கையில கிடைக்கணும்." அவள் மூன்றாவது தாளை எடுத்தாள். "அந்தத் திருடனையும் இவர் நாலு மாசம் முன்னாடியே ஏற்பாடு பண்ணிட்டார். மருந்து இருக்கற இடத்துல வேலை தர்றவங்க எல்லாரும், போதை வழக்கு ஆள் வேண்டாம்னுதான் எழுதுவாங்க. இவர் எழுதியிருக்கறதைப் படிக்கறேன். 'போதை மருந்து வழக்கில் தண்டனை பெற்றவராக இருந்தால் நல்லது. அவர்களுக்குத்தான் யாரும் வேலை தருவதில்லை.' இதைப் படிச்சிட்டு நான் கண் கலங்கினேன் சார். எவ்வளவு பெரிய மனசுன்னு. அவர் வேலைக்கு ஆள் கேக்கல, பலிகடா கேட்டிருக்கார். நானே கழுத்துல கயித்தைப் போட்டு அனுப்பி வெச்சேன்."

"வாய்க்கு வந்தபடி பேசாதீங்க" என்று மேலாளர் எழுந்தார். "பெட்டி எங்க? காட்டுங்க பாப்போம்!"

"அதை இன்ஸ்பெக்டர்தான் சொல்லணும். இவங்க அக்கா வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடினீங்களே, மேனேஜரோட காரைத் தேடினீங்களா?"

இன்ஸ்பெக்டர் எழுந்தார். மேலாளரின் முன்னால் கையை நீட்டினார். கார் சாவியைக் கொடுக்க மேலாளருக்கு வெகுநேரம் பிடித்தது.

11.50-க்கு இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார். பின் டிக்கியில், மாற்றுச் சக்கரத்துக்கு அடியில், தட்டையாக மடித்த பன்னிரண்டு அட்டைப்பெட்டிகள். யார் தேடப்போகிறார்கள் என்று மேலாளர் இரண்டு நாளாக அப்படியே விட்டு வைத்திருந்தார். பாராட்டுப் பத்திரம் வாங்கியவர் காரை யாரும் தேட மாட்டார்கள் என்பதில் அவர் கணக்கு சரியாகவே இருந்தது.

நெட்டையனின் கையிலிருந்து கழன்ற விலங்கு மேலாளரின் கைக்குப் போயிற்று. கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். துப்பு துலங்கியது, குற்றவாளி அகப்பட்டான். ஆனால் விசாரணை அதிகாரி அடுத்த தாளைப் புரட்டினார்.

"திருட்டுக் குற்றச்சாட்டு தள்ளுபடி. இன்னும் ரெண்டு இருக்கு. செவ்வாய், புதன், ரெண்டு நாளும் ஏழு மணிக்கு ஆள் பதிவு செய்த வீட்ல இல்ல. சிவப்பு விழுந்திருக்கு."

கையெழுத்தம்மா தன் காதையே நம்பவில்லை. "லாக்கப்ல இருந்தார் சார்! பூட்டினவர் இதோ நிக்கறார்!"

"அது தெரியுது. படிவத்துல அதுக்கு இடம் இல்லையே."

"இடம் இல்லேன்னா ஓரத்துல எழுதுங்க! நாமளே பூட்டி வெச்சிட்டு, ஏன் வீட்டுக்குப் போகலேன்னு நாமளே கேப்போமா? வெக்கமா இல்லையா நமக்கு?"

விசாரணை அதிகாரி தாளைத் திருப்பினார். பிறகு அதை இன்ஸ்பெக்டரிடம் தள்ளினார். இன்ஸ்பெக்டர் ஓரத்தில் நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"கடைசி" என்றார் விசாரணை அதிகாரி, குரலைத் தாழ்த்தி. "முகவரி கொடுத்தவங்க இன்னைக்குக் காலைல கடிதம் கொடுத்திருக்காங்க. இனிமே இவரை வீட்ல வெச்சுக்க முடியாதாம். முகவரி இல்லேன்னா நான் வெளிய விட முடியாது."

அக்கா வெளியே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே கூப்பிட்டார்கள். அவள் தம்பியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள்.

"பசங்க ஸ்கூல் பையைக்கூடக் கவுத்துக் கொட்டினாங்க சார். தெருவே வந்து வேடிக்கை பாத்துச்சு. நான் என்ன பண்றது? நிஜமாவே எடுத்துட்டான்னுதான் நெனச்சேன்." புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அந்தக் கடுதாசியத் திருப்பிக் கொடுத்துடுங்க சார்."

"கொடுக்கலாம். ஆனா அவரும் சம்மதிக்கணும்." விசாரணை அதிகாரி நெட்டையனிடம் நிபந்தனைத் தாளைப் படித்துக் காட்டினார். "ஒன்பதாவது, முகவரி கொடுத்தவரோட சுமுகமா இருக்கணும். வாக்குவாதம், வசவு, சச்சரவுன்னு புகார் வந்தா அதுவும் மீறல்தான். அந்த வீட்ல இருக்கச் சம்மதமா?"

இரண்டு நாளில் தன்னை ஒருமுறைகூட வந்து பார்க்காத அக்காவை நெட்டையன் முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தான். அவன் உதடு அசைந்தது. சொல்வதற்கு அவனிடம் எவ்வளவோ இருந்தது, அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்தது. ஏழு மணிக்கு ஒரு வீடு வேண்டும். அவனுக்கு வேறு வீடு இல்லை.

"சம்மதம் சார்" என்றான்.

கையெழுத்தம்மா அவர்களோடு படிக்கட்டு வரை வந்தாள். பாதிப் படியில் அக்கா நின்று, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"என்னைத் திட்டுடா. ஒரு வார்த்தையாவது திட்டு. இப்படிப் பேசாம வராத."

"திட்டக்கூடாதுக்கா" என்றான் நெட்டையன். அவன் குரலில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. "இன்னும் மூணு வருஷம் எட்டு மாசம் இருக்கு. அது முடியட்டும், திட்டறேன்."